722 முறை மென்ற வெங்காயம்

ஆறு கிராம்கூடத் தேறாத ஓர் இளவெங்காயத் துண்டு. அதை வாயில் போட்டு மென்றால், சில வேளை 722 முறை மென்ற பிறகுதான் அது கரைந்து தானாகத் தொண்டைக்குள் இறங்குகிறது என்று அமெரிக்கர் ஹோரஸ் ஃபிளெட்சர் எண்ணிக் கண்டுபிடித்தார். வேறு யாராக இருந்தாலும் இப்படியொரு வேலையில் நேரத்தைக் கழித்ததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள். ஃபிளெட்சர் புத்தகத்திலேயே அச்சேற்றினார்.

சாப்பாட்டில் தனக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கும் ஆள் இல்லாத வீடு அபூர்வம். ராத்திரியில் கீரையைத் தொடாத தாத்தா, சாம்பார் பட்ட தட்டில் தயிரை ஊற்றவிடாதவர், இட்லிக்குச் சர்க்கரை மட்டுமே கேட்கும் கல்லூரிப் பையன் என்று வகைவகையாக இருப்பார்கள். வீட்டார் கொஞ்ச நாள் கேலி செய்வார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். அந்தச் சட்டமும் அந்த ஆளோடு முடிந்துபோகும். ஃபிளெட்சரின் சட்டம் அப்படி முடியவில்லை. அது கேம்பிரிட்ஜிலும் யேலிலும் ஆய்வுக்கூடம் ஏறியது. ஐரோப்பாவில் வாழ்ந்த பெரிய எழுத்தாளர்கள் சிலருடைய தாடைகளை வருஷக்கணக்கில் ஆட்டிவைத்தது. உலகப்போரில் பட்டினி கிடந்த ஒரு நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இருபதே ஆண்டுகளில் இத்தனையும் நடந்து முடிந்தன.

ஃபிளெட்சர் மருத்துவர் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. 1849 ஆகஸ்ட் 10 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் பிறந்து, சிறு வயதிலேயே கப்பலேறிக் கிழக்கே போனவர். சான்பிரான்சிஸ்கோவில் ஜப்பானியக் கலைப்பொருள்களை இறக்குமதி செய்து விற்றார். அச்சு மை வியாபாரம் பார்த்தார். நியூ ஆர்லியன்ஸில் இசை நாடக அரங்கம் ஒன்றை நடத்தினார். குறிதவறாமல் சுடுவதிலும் பெயர் வாங்கினார். பணம் சேர்ந்தது, கூடவே உடம்பும் சேர்ந்தது. நாற்பது வயதில் ஐந்தடி ஆறங்குல உயரத்துக்கு 217 பவுண்டு, அதாவது 98 கிலோ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சல், ஓயாத அஜீரணம், எப்போதும் அசதி. நாற்பதிலேயே கிழவனாகிவிட்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பாலிசி தர மறுத்தது. ஒரு வியாபாரிக்கு இதைவிடத் தெளிவான மருத்துவ அறிக்கை வேண்டியதில்லை. அவர் உயிர் எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவன், அது முதல்போடத் தகுதியில்லாத சரக்கு என்று சொல்லிவிட்டான்.

1898 கோடையில் சிகாகோவில் ஒரு வியாபாரத்துக்காகக் காத்திருந்தார். பார்க்க வேண்டியவர்கள் இழுத்தடித்தார்கள். செய்ய வேறு வேலை இல்லை. சாப்பாட்டை வைத்துச் சோதனை தொடங்கினார். பிரிட்டனில் நான்கு முறை பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் தன் பிள்ளைகளுக்குச் சொன்னதாக ஒரு விதி அப்போது பரவலாக வழங்கியது. வாயில் பற்கள் 32, ஆகவே ஒவ்வொரு கவளத்தையும் 32 முறை மெல்ல வேண்டும் என்பதே அது. கிளாட்ஸ்டன் அந்த ஆண்டு மே மாதம்தான் காலமாகியிருந்தார். ஃபிளெட்சர் அந்த விதியை எடுத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனார். 32 என்ன 32? உணவு கூழாகி, கூழும் நீராகி, விழுங்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் தானாக உள்ளே போகும்வரை மெல்ல வேண்டும் என்றார். ரொட்டிக்கு ஒரு கணக்கு, வெங்காயத்துக்கு 722.

மற்ற விதிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. உண்மையான பசி எடுக்கும்வரை சாப்பிடக் கூடாது. கடிகாரம் மணி அடித்தது என்பதற்காக உட்காரவே கூடாது. பசி எதைக் கேட்கிறதோ அதையே சாப்பிட வேண்டும். கோபமோ கவலையோ இருந்தால் எழுந்துபோய்விட வேண்டும். சுவை இருக்கும்வரை மென்று சுவையை முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாலும் சூப்பும் ஒயினும்கூட விதிவிலக்கு அல்ல. வாயில் வைத்துச் சுழற்றி, மென்று, பிறகுதான் உள்ளே அனுப்ப வேண்டும். வாயின் பின்புறத்தில் இயற்கை ஒரு வடிகட்டி வைத்திருக்கிறது, தயாரான உணவை மட்டுமே அது உள்ளே விடும் என்று அவர் நம்பினார். எவ்வளவு மென்றும் கரையாமல் நிற்கும் சக்கை என்னாவது? துப்பிவிட வேண்டியதுதான். முருங்கைக்காயை நாம் சாப்பிடுகிற மாதிரி அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

இதில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயத்தைச் சாப்பிடும் நேரத்தில் படிக்காமல் இருப்பது நல்லது. சக்கை உள்ளே போகாததால் மலம் குறைந்தது. பல நாட்களுக்கு ஒருமுறை, சிறிதளவு, உலர்ந்தது. அதன் வாசனை சூடான பிஸ்கட்டின் வாசனையைவிட மோசமில்லை என்று எழுதினார். செரிமானம் முழுமையாக நடந்ததற்கு அதுவே சாட்சி என்பது அவர் வாதம். நார்ச்சத்தே இல்லாத சாப்பாட்டுக்கு அது சாட்சி என்று இன்றைய மருத்துவர் சொல்வார்.

எடை என்னவோ குறைந்தது. ஐம்பதாவது பிறந்தநாளில், 1899-இல், பிரான்சின் சாலைகளில் ஏறத்தாழ 200 மைல் சைக்கிள் மிதித்தார். அசதி இல்லாமல் வீடு திரும்பியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அதே ஆண்டு அவருடைய புத்தகம் வந்தது. அதன் பிறகு அவர் வியாபாரி இல்லை, பிரசாரகர்.

பிரசாரத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட இடம் வெனிஸ். பெருங்கால்வாய்க் கரையில் ஒரு மாளிகையில் குடியிருந்தார். அங்கே அவருக்கு வாய்த்த முதல் பெரிய சீடர் எர்னஸ்ட் வான் சோமரன் என்ற மருத்துவர். இவர் 1901-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் வாசித்த கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: லுயிஜி கோர்னாரோ சொன்னது சரிதானா? அந்தக் கோர்னாரோவின் கதை ஃபிளெட்சரின் கதையைவிட மூன்றரை நூற்றாண்டு மூத்தது. வெனிஸ் பிரபு. நாற்பது வயதுக்குள் தின்றும் குடித்தும் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். மருத்துவர்கள் கைவிரித்த நிலையில் நாளொன்றுக்கு 12 அவுன்ஸ் உணவு, 14 அவுன்ஸ் ஒயின் என்று அளந்து சாப்பிட ஆரம்பித்தார். பல பத்தாண்டுகள் அப்படியே போயிற்று. 78 வயதில், இந்த வயசில் இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டால் உடம்பு தாங்குமா என்று வீட்டார் நச்சரிக்க, உணவில் 2 அவுன்ஸும் ஒயினில் 2 அவுன்ஸும் கூட்டினார். சில நாளிலேயே படுத்த படுக்கையானார். பழைய அளவுக்குத் திரும்பியதும் எழுந்து உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டி வாழ்ந்து, 1558-இல் இதையெல்லாம் அளவான வாழ்வைப் பற்றிய நூலாக எழுதிவைத்தார். ஒரு மனிதரின் சொந்தச் சாப்பாட்டு விதி எப்படி ஊருக்கான விதியாகிறது என்பதற்கு இவர் நல்ல முன்னோடி. வழி ஒன்றுதான்: சாகக் கிடந்தேன், இப்படிச் சாப்பிட்டேன், பிழைத்தேன். பத்திய நூல்கள் இன்றும் இந்த மூன்று வாக்கியங்களில்தான் நிற்கின்றன.

ஃபிளெட்சருக்குச் சாட்சி போதவில்லை, சான்றிதழ் வேண்டும். கேம்பிரிட்ஜ் உடலியல் பேராசிரியர் மைக்கேல் ஃபாஸ்டரிடம் போனார். அங்கே நடந்த பரிசோதனையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் ஃபிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். வைட்டமின்கள் தொடர்பான ஆய்வுக்காக 1929-இல் நோபல் பரிசு பெற்ற அதே ஹாப்கின்ஸ்தான். அங்கிருந்து அமெரிக்கா. யேல் பல்கலைக்கழகத்தின் ரஸல் சிட்டண்டன் அவரைத் தன் கண்முன்னால் சில மாதங்கள் வைத்துக் கவனித்தார்.

இந்தக் கட்டம்தான் கதையின் சுவையான பகுதி. அந்நாளில் உணவியலின் வேதவாக்கு, ஜெர்மானியர் கார்ல் ஃபோய்ட் வகுத்த அளவு: உழைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம். அதற்குக் குறைந்தால் ஆள் தளர்ந்துபோவான் என்று நம்பினார்கள். ஃபிளெட்சரோ நாளுக்கு இரண்டே வேளை, தானிய உணவு, பால், மேப்பிள் சர்க்கரை என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தால் புரதம் 45 கிராம் அளவில் நின்றது. மொத்த உணவும் 1,600 கலோரியை ஒட்டியே இருந்தது. ஆள் தளர்ந்துபோனாரா? 1903-இல், 53 வயதில், யேல் உடற்பயிற்சிக் கூடத்தில் துடுப்புப் போட்டி மாணவர்கள் செய்யும் கடும் பயிற்சிகளை அவரைச் செய்ய வைத்தார்கள். செய்து முடித்தார். மறுநாள் உடம்பு வலிக்கிறது என்றும் சொல்லவில்லை.

சிட்டண்டன் மெல்லுவதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டது அந்த 45 கிராம். முதலில் தன் மேலேயே சோதித்தார். புரதத்தை வெகுவாகக் குறைத்தார், எடை இறங்கியது, நெடுநாள் முழங்கால் வாதமும் போயிற்று. பிறகு சக பேராசிரியர்கள், ராணுவ மருத்துவப் பிரிவு வீரர்கள், மாணவ விளையாட்டு வீரர்கள் என்று மூன்று குழுக்களை மாதக்கணக்கில் குறைந்த புரதத்தில் வாழ வைத்துப் பார்த்தார். ஃபோய்ட் அளவில் பாதி போதும் என்ற முடிவோடு 1904-இல் புத்தகம் வெளிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இன்று பரிந்துரைப்பது நாளுக்கு 54 கிராம். ஆக, தாடை ஆட்டியவரின் கோட்பாடு பிசகு. அவர் தட்டில் இருந்த அளவு சரி. தான் எதை நிரூபிக்க வந்தாரோ அதை நிரூபிக்காமல் வேறொன்றை நிரூபித்துவிட்டுப் போனார் ஃபிளெட்சர்.

அறிவியல் கூடத்தைவிடச் சாப்பாட்டு மேசைதான் பாவம், அதிகம் பட்டது. ஒவ்வொரு வாயையும் கரையும்வரை மெல்லுகிறவர் பேச முடியாது. கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நாலு பேர் ஃபிளெட்சர் முறையில் விருந்து சாப்பிட்டால் தாடை அசைவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. மிஷிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் ஆரோக்கிய இல்லத்தை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக், காலை உணவுத் தானியத் தகடுகளால் நாம் அறிந்த கெல்லாக்தான், இந்த முறையை உற்சாகமாகத் தன் விருந்தினருக்குப் புகுத்தினார். மெல்லுவதை நினைவூட்ட அவருடைய சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பாட்டே இருந்தது. ஆனால் நட்பு நிலைக்கவில்லை. தவிடும் நாரும் குடலைக் கழுவ வேண்டும், தினமும் பலமுறை போக வேண்டும் என்பது கெல்லாக்கின் மதம். நாரைத் துப்பிவிட்டுப் பல நாட்களுக்கு ஒருமுறை போவதைக் கொண்டாடுபவரோடு அவர் எத்தனை நாள் ஒத்துப்போக முடியும்?

நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இங்கிலாந்தின் ரை நகரில் இருந்தபடி 1904 வாக்கில் இந்த முறைக்கு மாறினார். மாறியது மட்டுமல்ல, நண்பர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி ஆள் சேர்த்தார். அவருடைய அண்ணன், தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், மூன்று மாதம் முயன்றார். அதற்கு மேல் போனால் செத்துப்போவேன் என்று கைவிட்டார். தம்பி மட்டும் ஐந்து வருஷம் விடாப்பிடியாக மென்றார். 1909 வாக்கில் வயிறு மொத்தமாகக் கெட்டு, உணவே வெறுத்து, மருத்துவரின் வற்புறுத்தலில்தான் நிறுத்தினார். உட்பிரிவுக்குள் உட்பிரிவாக நீண்டு, முற்றுப்புள்ளிக்கு வரவே மறுக்கும் அவருடைய பிற்கால வாக்கியங்களைப் படித்தவர்களுக்கு இந்த மனிதர் சாப்பாட்டையும் லேசில் விழுங்கியிருக்க மாட்டார் என்று தோன்றும்.

பிராகில் இன்னோர் இளைஞன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, மாமிசம் சாப்பிடுவதில்லை, தயிர், ரொட்டி, கொட்டைகள், பழங்கள் என்று தனியாக ஒரு ராச்சாப்பாடு. ஒவ்வொரு வாயையும் நிதானமாக அரைத்துக்கொண்டிருப்பான். கசாப்புக்கடைக்காரர் ஒருவரின் பிள்ளையாகப் பிறந்து, கடும் உழைப்பில் கடை வைத்து முன்னேறிய அவனுடைய அப்பாவால் அந்தக் காட்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாதக்கணக்கில் மேசையில் முகத்தைச் செய்தித்தாளால் மறைத்துக்கொண்டார். அந்த இளைஞன்தான் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா. இதைத் தன் காதலி ஃபெலிஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே இருந்த நூறு சண்டைகளில் இது சின்னதுதான். ஆனாலும் வாய் திறந்து சொல்ல முடியாத எதிர்ப்பை ஒரு பிள்ளை வாயை மூடி மென்றே காட்டலாம் என்று அந்த வீட்டில் தெரிந்தது.

மென்று சாப்பிடச் சொல்வதில் புதுமை ஒன்றும் இல்லை. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று தமிழ்நாட்டுப் பாட்டிகள் சொல்லாத நாள் இல்லை. ஆனால் பாட்டி எண்ணச் சொன்னதில்லை. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடும் பேரனை நிதானப்படுத்த அது போதும். அதில் கோட்பாடு கிடையாது. ஃபிளெட்சரிடம் இருந்தது கோட்பாடு. எச்சிலோடு நன்றாகக் கலந்தால் உணவின் சத்து முழுக்க உடம்பில் சேரும், அதனால் பாதி உணவே போதும் என்பது அதன் மையம். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சிதைக்கிறது என்பது உண்மையே. ஆனால் வாயில் அது தொடங்கிவைக்கும் வேலையைக் கணையச் சுரப்பு சிறுகுடலில் முடித்துவிடும். சோற்றையோ ரொட்டியையோ நூறு முறை மென்றதால் கூடுதலாக ஒன்றும் கிடைத்துவிடாது. பாதாம், வேர்க்கடலை போன்றவற்றில் மட்டும் அவர் சொன்னது பலிக்கும். நன்றாக அரைபட்டால் அவற்றின் செல்களிலிருந்து கூடுதலாகக் கொழுப்பு வெளிவந்து உடம்பில் சேரும். எடை குறைக்க மெல்லுகிறவர் எதிர்பார்க்கிற பலன் அதுவல்ல. ஃபிளெட்சர் இளைத்ததற்கு மாயம் எதுவும் காரணமில்லை. தாடை வலிக்கும்வரை மென்றால் யாரும் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள்.

அந்தப் பாதி உணவுக் கணக்குத்தான் அவரை வெறும் கிறுக்கராக ஒதுக்கிவிட முடியாமல் செய்கிறது. தெருவில் விடப்பட்ட ஏழைக் குழந்தைகளைப் பற்றி 1898-லேயே ஒரு புத்தகம் எழுதியவர் அவர். ஒரு குடும்பத்தின் உணவுச் செலவு பாதியானால் வறுமையில் பாதி தீரும் என்று மனதார நம்பினார். நம்பிக்கையில் கள்ளம் இல்லை. அது எங்கே உட்கார்ந்து உருவானது என்பதில்தான் சங்கடம். மாளிகையில் இருந்தபடி குறைவாகச் சாப்பிடுவது ஒருவருக்கு விரதம். அதே குறைவு அடுத்தவருக்கு விதி. முதல் உலகப்போர் அதைக் காட்டியது. 1914 ஆகஸ்டில் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. கடல்வழியைப் பிரிட்டன் அடைத்தது. உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த நாடு திணறியது. அக்டோபரில் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் அமெரிக்கர்கள் நிவாரணக் குழு அமைத்துக் கப்பல் கப்பலாகத் தானியம் அனுப்பினார்கள். அந்தக் குழுவின் உணவு நிபுணராக ஃபிளெட்சரும் போனார். பங்கீட்டு ரொட்டிக்கு வரிசையில் நின்ற மக்களுக்கு நன்றாக மென்று சாப்பிடக் கற்றுக்கொடுத்தார். அவர்களுக்குத் தேவைப்பட்டது இன்னொரு ரொட்டி.

போர் முடிந்த இரண்டாம் மாதம், 1919 ஜனவரி 13 அன்று, கோபன்ஹேகனில் மூச்சுக்குழல் அழற்சியால் இறந்தார். வயது 69. மெல்லுகிறவர்களின் கூட்டம் அதற்கு முன்பே கலையத் தொடங்கியிருந்தது. 1918-இல் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற கலிபோர்னியா மருத்துவர் எழுதிய உணவுக் கையேடு, சாப்பிடும் ஒவ்வொன்றையும் கலோரியாக எண்ணச் சொன்னது. லட்சக்கணக்கில் விற்றது. எண்ணுவதில் ருசி கண்டவர்களுக்கு அது இன்னும் வசதி: பேசிக்கொண்டே சாப்பிடலாம், கணக்கைப் பிறகு காகிதத்தில் போட்டுக்கொள்ளலாம். வைட்டமின்கள் வேறு வந்து, உணவில் எவ்வளவு என்பதோடு எது என்பதையும் கேட்க வைத்தன. ஃபிளெட்சரின் பெயர் வழக்கொழிந்தது.

அவருடைய விதிகளில் ஒன்று மட்டும் பெயரை உதறிவிட்டுப் பயணம் செய்துகொண்டிருக்கிறது. திட உணவைக் குடி, நீரைச் சாப்பிடு என்பது தமிழ்நாட்டின் இயற்கை மருத்துவ முகாம்களில் அடிக்கடி காதில் விழும் உபதேசம். பெரும்பாலும் காந்தி பெயரில் சொல்வார்கள். காந்திக்கும் சொந்தச் சாப்பாட்டு விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1915-இல் ஹரித்வார் கும்பமேளாவில், நாளொன்றுக்கு ஐந்து பண்டங்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்று விரதமே எடுத்தவர். ஜெர்மானிய இயற்கை வைத்தியர் அடால்ஃப் யூஸ்டின் நூலைப் படித்து வயிற்றில் மண்பட்டி போட்டுக்கொண்டவர். அதனால் அவர் பெயர் அந்த வாசகத்தில் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. பாலை மென்று, ரொட்டியை நீராக்கிய வெனிஸ் மாளிகைக்காரரை அங்கே யாரும் குறிப்பிடுவதில்லை. வாழைத்தண்டும் கேழ்வரகும் கீரையும் தட்டில் வரும். நன்றாக மெல்லச் சொல்வார்கள். துப்பச் சொல்வதில்லை.